குதிக்கு ஒரு மெத்தை

றோசமேரி வருகிறாள் என்ற செய்தி வந்த நேரத்தில் பீற்றரால் கதிரையிலிருந்து ஜன்னல் வரைக்கும்கூட ஒழுங்காக நடக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய் வந்து, சோறு தின்று, கதிரையில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தார். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் ஜன்னல் ஓரம் என்பதால் போன் எப்போதும் அங்கேதான் கிடக்கும். அது அடித்ததும் எழும்பி முதல் அடியை வைத்தார். வலது காலின் குதியில் முள்ளை வைத்து அடித்ததுபோல ஒரு குத்து. சுவரைப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியில் நொண்டி நொண்டிப் போய்ப் போனை எடுத்தார்.

"ஏன் இவ்வளவு நேரம்?" இத்தாலியிலிருந்து அவருடைய மனைவியின் குரல்.

"கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு நிண்டன்."

பீற்றரிடம் கோழி எதுவும் இல்லை. குதி நோகிறது என்று சொன்னால் அவள் அங்கே கிடந்து யோசிப்பாள் என்று வாயில் வந்ததைச் சொன்னார்.

"ஓகஸ்ட் திருநாளுக்கு வாறன்," என்றாள் றோசமேரி. "நொன்னாட மகள் லீவு தந்திட்டா. மூண்டு கிழமை."

நொன்னா என்பது அவள் பராமரிக்கிற கிழவி. கிழவியைக் குளிப்பாட்டி, உடுப்பாட்டி, தூக்கி இருத்தி, படுக்க வைப்பதுதான் றோசமேரியின் வேலை. சண்டை முடிந்த மறு வருடம் போனவள். ஐந்து வருடத்தில் திரும்பி விடுவதாகத்தான் பேச்சு. பிறகு மகள் ஷானிகாவும் கலியாணம் முடித்துப் புருசனோடு அங்கேயே போய்விட்டாள். ஐந்து வருடம் ஏழாகிவிட்டது. நடுவில் றோசமேரி வந்தது ஒரே ஒரு தடவை, தாயின் செத்தவீட்டுக்கு. அந்த ஒரு கிழமையும் வீடு நிறையச் சனம். புருசனும் மனைவியும் தனியாக இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கவில்லை.

"நேந்திருக்கிறன்," என்றாள் அவள். "ஷானிகாட சின்னவன் அரைகுறை மாதத்தில பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்தானே, அப்ப. அவன் பிழைச்சா நாங்க ரெண்டு பேரும் வீட்டுப் படியிலிருந்து தலவிலைக்கு நடந்தே வாறம் எண்டு அன்னம்மாளிட்டச் சொன்னன். முந்தி நடந்த மாதிரி."

"ஓம்," என்றார் பீற்றர்.

"ஏலும்தானே?"

"ஏலாம என்ன."

போனை வைத்துவிட்டு அவர் அந்த வழியை மனதில் எண்ணிப் பார்த்தார். வீடு இருக்கிற முந்தலிலிருந்து வடக்கே மதுரங்குளி, பாலாவி, அங்கிருந்து இடது கைப்பக்கம் திரும்பிக் கற்பிட்டி ரோட்டு வழியே தலவில அன்னம்மாள் கோவில். இரண்டு நாள் நடை. கலியாணம் முடித்த வருடத்திலிருந்து இருவரும் நடந்த ரோட்டு அது. சண்டைக் காலத்தில் சென்ரியில் ஆமிக்காரர் மூட்டையை அவிழ்த்துப் பார்த்த நாட்களிலும் விடாமல் நடந்திருந்தார்கள். றோசமேரி எப்போதும் முன்னால் போவாள். கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்ப்பாள். அவர் கிட்டப் போனதும் மறுபடியும் முன்னால் போவாள். அவள் வெளிநாடு போன பிறகு அவர் இரண்டு தடவை பஸ்ஸில் போய்ப் பார்த்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

குதி நோவு தொடங்கியது கடலை விட்ட பிறகுதான். வள்ளத்தை விற்றுவிட்டு இறால் பண்ணை ஒன்றில் காவலுக்குச் சேர்ந்திருந்தார். வாழ்நாள் முழுவதும் மணலிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நடந்த மனிதர், ஐம்பத்தெட்டு வயதுக்குப் பிறகு பண்ணையின் சீமெந்துத் தளத்திலும் காய்ந்த வரம்பிலும் நாள் முழுக்க நடந்தார். முதலில் காலையில் மட்டும் குத்தியது. பிறகு எப்போது இருந்து எழும்பினாலும் குத்தியது.

றோசமேரி வருவதாகச் சொன்ன நாளிலிருந்து அவர் அந்தக் காலை ஒரு நோயாளிப் பிள்ளையைப்போலக் கவனிக்கத் தொடங்கினார். எண்ணெய் தேய்த்தார். உப்புப் போட்ட சுடுதண்ணியில் காலை வைத்திருந்தார். பாட்டாச் செருப்பை விட்டுவிட்டு, மகளின் கலியாணத்துக்கு வாங்கிய சப்பாத்தைத் தூசி தட்டிப் போட்டுப் பார்த்தார். அது காலை இன்னும் கடித்தது. முந்தல் சந்தையில் நடைபாதையில் சாமான் பரப்பியிருந்த ஒருவனிடம் சப்பாத்துக்குள் போடுகிற மெத்தை இருந்தது. பச்சை நிறம். ஜெல் என்றான். கையால் அமத்தினால் உறைந்த தயிரைப்போல அமுங்கியது. பீற்றர் அதைச் சப்பாத்துக்குள் போட்டுக்கொண்டு சந்தையைச் சுற்றி நடந்தார். இவ்வளவு காலமும் இதைத் தெரியாமல் இருந்தோமே என்று தோன்றியது. அவ்வளவு சுகம்.

மறுநாள் அதோடு மதுரங்குளிப் பக்கம் நடந்தார். முதல் ஒரு மைல் சுகமாகத்தான் இருந்தது. பிறகு குதி மெத்தைக்குள் புதைந்து புதைந்து, ஈர மணலில் பாரம் சுமந்துகொண்டு நடப்பதுபோல ஆயிற்று. பாதத்தின் நடுப்பகுதி இழுத்தது. பாதி வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருந்தவர் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. பஸ் ஏறித்தான் வீட்டுக்கு வந்தார். அடுத்த நாள் காலையில் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர நின்றார். பார்க்க யாரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். மருந்து எழுதிய டொக்டர் அவரைக் கை கால் பயிற்சி கொடுக்கிற பகுதிக்கு அனுப்பினார். அங்கே இருந்தவள் அகீலா என்ற இளம் பெண். தலையை முக்காடு சுற்றி மூடியிருந்தாள், மெதுவாகக் கதைத்தாள்.

"காலையில எழும்பி முதலாவது அடி வைக்கக்குள்ளதானே கூட நோகுது, ஐயா?"

"ஓம் மிஸ். பிறகு கொஞ்சம் நடக்க நடக்கக் குறையும். தூரம் போனா திரும்பவும் வரும்."

அவள் அவருடைய பாதத்தைத் தண்ணீரில் நனைத்து, தரையில் விரித்த கடதாசியில் ஒரு அடி வைக்கச் சொன்னாள். அவர் காலை எடுத்தார். பாதம் முழுவதும், ஒரு இடமும் விடாமல், கடதாசியில் பதிந்திருந்தது.

"பாத்தீங்களா? மத்தவங்களுக்கு இந்த நடுப்பகுதி தரையில படாது. ஒங்களுக்கு வளைவே இல்ல, பூராவும் படுது. குதியிலிருந்து விரல் வரைக்கும் ஒரு சவ்வு பட்டை மாதிரி ஓடுது. ஒவ்வொரு அடிக்கும் அது இழுபடுது. மணல் தாங்கும். சீமெந்து தாங்காது."

பீற்றர் பச்சை மெத்தையைப் பற்றிச் சொன்னார். அவள் சிரித்தாள்.

"எல்லாரும் முதல்ல அதத்தான் வாங்குவாங்க. கைக்குச் சுகமா இரிக்கிறது காலுக்குச் சுகமா இரிக்காது. நடுவில மேடு வேணும். பெருவிரலால அமத்தினா அது படியக் கூடாது. குதி இருக்கிற இடம் கிண்ணம் மாதிரி குழிஞ்சு, குதிய அங்க இங்க போக விடாமப் பிடிக்கணும். சப்பாத்துக்குள்ள முதலே இருக்கிற அட்டையைக் கழட்டிப்போட்டு இதப் போடுங்க. பின்னேரமாக் கடைக்குப் போங்க, அப்பதான் கால் வீங்கி இருக்கும், சரியான அளவு தெரியும். ஆனா முதல் நாளே போட்டுக்கொண்டு தூரம் போயிடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும்."

பிறகு கேட்டாள், "வீட்டில ஒங்கட கால அமத்தி விட யாரும் இரிக்கிறாங்களா?"

"இல்ல மிஸ்."

அகீலா ஒரு போத்தல் தண்ணியை ஐஸ் கட்டியாக்கி, கதிரையில் இருந்தபடியே அதைப் பாதத்துக்கு அடியில் உருட்டச் சொல்லிக் காட்டிக் கொடுத்தாள். பண்ணையில் ஐஸுக்குக் குறைவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பீற்றர் தனியே இருந்து போத்தல் உருட்டினார்.

மெத்தை வாங்கப் புத்தளத்துக்குப் போனது ஒரு பின்னேரம். சாஹுல் ஹமீது என்பவருடைய சப்பாத்துக் கடை ஆள் குறைவாக இருந்தது. முதலாளி தானே எழும்பி வந்து, மூன்று விதமான மெத்தைகளை எடுத்து வைத்தார். ஒன்று தடித்த ஸ்பொஞ்சு. ஒன்று தோல், நடுவில் சின்னதாய் ஒரு வீக்கம். மூன்றாவது நீல நிறம். மேலே மெல்லிய துணி, அடியில் வளைந்த கெட்டிப் பிளாஸ்ரிக்.

பீற்றர் பெருவிரலால் ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தார். ஸ்பொஞ்சு அடிவரைக்கும் போயிற்று. தோல் கொஞ்சம் தாங்கி, பிறகு படிந்தது. நீலம் அசையவில்லை.

"அது ஒங்களுக்குச் சரிவராது அண்ணன்," என்றார் ஹமீது. "கல்லு மாதிரி இரிக்கும். ஓடுற பொடியனுகள் வாங்குறது. இந்த ஸ்பொஞ்சைப் போட்டுப் பாருங்க, பஞ்சு மெத்தையில படுத்த மாதிரி."

"அதில படுத்துப் பாத்தாச்சு ஹமீது நானா. எழும்ப ஏலாமப் போச்சு."

ஹமீது வாய்விட்டுச் சிரித்தார். பீற்றரின் காலுக்குப் பொருந்துகிற சப்பாத்தைத் தேடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. கடற்கரையில் விரிந்து வளர்ந்த கால். விரல்கள் விசிறியைப்போல நின்றன. கடைசியில் முன்பக்கம் அகன்ற கறுப்புச் சப்பாத்து ஒன்று கிடைத்தது. நீல மெத்தையை உள்ளே போட்டதும் பெருவிரல் மேலே முட்டியது. உள்ளே இருக்கிற அட்டையைக் கழற்ற வேண்டும் என்று பீற்றர் சொன்னபோது ஹமீது தயங்கினார்.

"கழட்டினா நாங்க திருப்பி எடுக்க மாட்டம்."

"கழட்டுங்க."

காலுறையும் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் சப்பாத்துப் பெட்டி அடுக்கிய கடை நடையில் பீற்றர் போய்ப் போய் வந்தார். முதலில் ஒரு கூழாங்கல்லின் மேல் ஏறி நிற்பதுபோல இருந்தது. நாலைந்து முறை போய் வந்த பிறகு கல் கையாக மாறிற்று. யாரோ அடியிலிருந்து உள்ளங்காலைத் தாங்கிப் பிடிப்பதுபோல. குதி அந்தக் குழிக்குள் அடங்கிக் கிடந்தது.

"எங்க போறதுக்கு இவ்வளவு பாடு?" என்று கேட்டார் ஹமீது.

"தலவிலைக்கு நடக்கப் போறம். நானும் பெண்சாதியும்."

பெண்சாதி என்ற சொல் அவருடைய வாயில் பழக்கம் விட்டுப் போயிருந்தது. 

"அப்ப மதினிக்கும் ஒரு சோடி எடுங்களே. எத்தன சைஸ்?"

பீற்றருக்குத் தெரியவில்லை. வீட்டுக் கதவின் பின்னால் அவள் விட்டுப் போன செருப்பு கிடக்கிறது. ஆனால் அதன் அடியில் இருந்த இலக்கம் எப்போதோ தேய்ந்துவிட்டது. கையால் காட்ட நினைத்தார். ஒரு சாண் என்று காட்டுவதா, அதைவிடக் கூடவா? எத்தனையோ வருடம் முன்னால் போய்க்கொண்டிருந்த அந்தக் கால்களை அவர் பின்னாலிருந்து பார்த்தபடியே நடந்திருக்கிறார். இப்போது கண்ணை மூடினாலும் அதன் அளவு வரவில்லை.

"அவ அங்கயிருந்து கொண்டு வருவா," என்றார்.

அடுத்த நாளிலிருந்து பழக்கம் தொடங்கியது. முதலில் வீட்டிலிருந்து கோவில் வரைக்கும். பிறகு பெரிய ரோட்டு வரைக்கும். பிறகு உப்பு நீர்க் களப்பின் ஓரமாக ஒரு நீள நடை. சப்பாத்துப் போட்ட பீற்றரைப் பார்த்துச் சனம் கேட்டது, ஏதும் உத்தியோகம் கிடைத்துவிட்டதா என்று. அவர் சிரித்துக்கொண்டே போனார். கெண்டைக்காலில் முதலில் ஒரு உளைச்சல் இருந்தது. அது நாள் போகப் போக விட்டது. ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து எழும்பிக் குசினிக்குப் போய்த் தண்ணி கொதிக்க வைத்துக்கொண்டிருக்கையில்தான், சுவரைப் பிடிக்காமல் வந்தது அவருக்கு உறைத்தது. அந்தச் சந்தோசத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. றோசமேரியிடம் சொல்வதென்றால் நோவையும் சொல்ல வேண்டி வரும். கேத்தில் கொதிக்கும் மட்டும் குசினிக்குள்ளேயே அங்குமிங்கும் நடந்தார்.

யூலைக் கடைசியில் றோசமேரி வந்தாள். அவளுடைய தங்கை டயனா வான் வண்டி ஒன்று பிடித்து, எல்லாரும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனார்கள். றோசமேரி சாமான் வண்டியின் கைபிடியில் சாய்ந்தபடி மெல்ல மெல்ல வெளியே வந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். பெட்டிகளின் பாரத்தால்தான் அப்படி நடக்கிறாள் என்று நினைத்துப் பீற்றர் ஓடிப் போய் வண்டியை வாங்கினார். வாங்கியதும் அவள் ஒரு கணம் தடுமாறி, டயனாவின் தோளைப் பிடித்தாள்.

வீட்டில் அவள் கட்டிலில் படுக்கவில்லை. தரை குளிர்ச்சி என்று பாயில் படுத்தாள். நேரம் மாறியதால் பகலில் பாதியைத் தூங்கிக் கழித்தாள். மற்ற நேரம் அவளைப் பார்க்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். பீற்றர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கதிரை எடுத்துப் போட்டார். பிறகு வெளியே போய் நின்றார். மூன்றாம் நாள் பின்னேரம்தான் வீடு வெறுமையாயிற்று. அப்போது அவர் சப்பாத்தைக் கொண்டுவந்து காட்டினார்.

"நீங்களா? சப்பாத்தா?" அவள் சிரித்தாள். உள்ளே இருந்த நீல மெத்தையை வெளியே இழுத்துக் கையில் பிடித்துப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்: நோவு, பச்சை ஜெல், கடதாசியில் பதிந்த பாதம், ஐஸ் போத்தல். சொல்லச் சொல்ல அவளுடைய முகத்தில் சிரிப்புக் குறைந்தது.

"இவ்வளவு காலமா எனக்குச் சொல்லேல்ல."

"இப்ப நல்லம். வாவன், கொஞ்ச தூரம் நடந்து பாப்பம். பழகின மாதிரியும் இருக்கும்."

படலையைத் தாண்டி டச்சுக் கால்வாய்ப் பக்கம் இருவரும் நடந்தார்கள். அவர் பேசிக்கொண்டே போனவர், பதில் வராததால் திரும்பிப் பார்த்தார். றோசமேரி பின்னால், ஒரு வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் வியர்வை.

"எனக்கு ஏலாது," என்றாள்.

"என்ன?"

"நொன்னா குளியலறையில விழுந்தவ. தனியத் தூக்கினன். முதுகெலும்பில தட்டு விலகிப் போச்சு. கொஞ்சம் நடந்தா இடுப்பிலிருந்து கால் வரைக்கும் நெருப்பு."

"எப்ப?"

"போன வருசம்."

 பீற்றர் கேட்க வந்த கேள்விக்கு அவளே முந்திப் பதில் சொன்னாள். "ஓம், நானும் சொல்லேல்லதான். சொன்னாலும் நீங்க இஞ்ச இருந்து என்ன செய்வீங்க?"

திரும்பி வருகையில் அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அது அவருக்குப் பிடித்திருந்தது. நான் நடக்கவில்லை, உன்னோடு வானில் வருகிறேன் என்று படியேறும்போது சொன்னார். றோசமேரி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"நேத்திக்கடன். ரெண்டு பேரும் எண்டு வாயால சொல்லியிருக்கிறன். ஒராளாவது நடந்துதான் ஆகணும். என்ட பங்கையும் சேத்து நீங்க நடங்க. நான் டயனாட ஆக்களோட வானில வந்து அங்க நிக்கிறன்."

"ரெண்டு நாள், றோசா. நீ இஞ்ச நிக்கிறதே கொஞ்ச நாள்."

"பிள்ளைக்காக வச்ச நேத்தி," என்றாள் அவள். அதோடு பேச்சு முடிந்தது.

முந்தல் கோவிலிலிருந்து புறப்பட்ட கூட்டத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். லோறன்ஸ் என்பவர் முன்னால் நின்று ஜெபமாலை சொல்லிக்கொடுத்தார். பீற்றர் கடைசியில் நடந்தார். பாதிப் பேர் வெறுங்கால். அவருடைய கறுப்புச் சப்பாத்தைச் சிலர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மதுரங்குளி தாண்டியதும் வெயில் ஏறிற்று. தார் ரோட்டு இளகியது. செருப்புப் போட்டிருந்தவர்கள் கொப்புளம் என்று ஓரமாக இருந்தார்கள். பீற்றரின் கால் சொன்னபடி கேட்டது. உள்ளங்காலைத் தாங்கியிருந்த அந்தக் கை ஒரு நிமிடமும் விடவில்லை. பாலாவியில் உப்பளத்து வெள்ளை கண்ணைக் கூச வைக்க, மாலையில் ஒரு சிற்றாலயத்தில் தங்கினார்கள். அங்கிருந்து வீட்டுக்குப் போன் எடுத்தார். பின்னால் ஒரே சத்தம். யாரோ பெரிதாகச் சிரித்தார்கள்.

"கால் எப்படி?" என்றாள் றோசமேரி.

"பரவாயில்ல."

"பவுலினா மாமி வந்திருக்கிறா. பிறகு எடுக்கிறன்."

அவள் எடுக்கவில்லை. மறுநாள் கற்பிட்டி ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஹோர்ன் சத்தம். டயனாவின் வான். பிள்ளைகள் ஜன்னலால் கை நீட்டி ஆட்டினார்கள். கூட்டம் மரியாயே வாழ்க என்று பதிலுக்குக் கத்தியது. றோசமேரி மற்றப் பக்கத்து ஜன்னலோரம் இருந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் திரும்புவதற்குள் வான் தாண்டிவிட்டது. பீற்றர் தூக்கிய கையைக் கீழே இறக்கினார்.

நுரைச்சோலையில் ஒரு முஸ்லிம் வீட்டார் ரோட்டோரம் வாளி வைத்துச் சர்பத் கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டுக் கூட்டம் நடந்தது. வெங்காயத் தோட்டங்களும், தூரத்தில் மெல்லச் சுற்றுகிற காற்றாடிகளும். ஆலங்குடாவைத் தாண்டிய பிறகு ரோட்டோர வேப்பமரம் ஒன்றின் கீழ் பீற்றர் இருந்துவிட்டார். "மெல்ல வாறன், நீங்க போங்க," என்று லோறன்ஸிடம் சொன்னார். ஜெபமாலைச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போய், கடைசியில் வேலி ஓலையில் காற்றுப் படுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது.

வலது சப்பாத்தைக் கழற்றினார். குதியைப் பெருவிரலால் அமத்தினார். ஒன்றும் இல்லை. இன்னும் அழுத்தினார். அப்போதும் ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் அன்னம்மாளிடம் கேட்டு, ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் அலைந்து, போத்தல் உருட்டி வாங்கிய சுகம். இப்போது அவர், ஒரு சின்ன நோவாவது வராதா என்று அந்தக் குதியைத் தேடித் தேடி அமத்திக்கொண்டிருந்தார். நொந்தால் போதும், அவளைக் கூப்பிடலாம். அவளோடு நடப்பதற்கென்று பழக்கிய காலில் அவளை விட்டு இரண்டு நாள் தூரம் நடந்து வந்திருக்கிறாரே என்ற நினைப்பு அவரை விடவில்லை. பிள்ளைக்காக வைத்த நேர்த்தி என்பதும் தெரியும். பொய் சொல்லக் கூடாத பயணம் என்பதும் தெரியும்.

போனை எடுத்தார்.

"றோசா, என்னால ஏலாது. குதி விட்டுப்போச்சு. ஆலங்குடா தாண்டி ஒரு வேம்புக்குக் கீழ இருக்கிறன்."

"அசையாதீங்க. அப்படியே இருங்க," என்றாள் அவள்.

வானை அனுப்புவாள் என்று நினைத்தார். வந்தது ஒரு ஓட்டோ. பின் சீற்றில் றோசமேரி மட்டும், இரண்டு கையாலும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு. பள்ளம் திட்டியில் அவளுடைய முதுகு என்ன பாடு பட்டிருக்கும் என்பது அவள் இறங்கிய விதத்தில் தெரிந்தது. கையில் எண்ணெய்ப் போத்தல். மரத்தின் வேரைப் பிடித்து மெல்ல மெல்ல நிலத்தில் அமர்ந்து, அவருடைய காலைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"இஞ்சயா?"

"ம்."

அவள் எண்ணெய் விட்டு அமத்தினாள். நோயாளியைப் பராமரித்துப் பழகிய கை. எங்கே எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. குதியின் உட்புறம், பாதத்தின் நடு, மறுபடி குதி. பிறகு நிறுத்திவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"நோகேல்லத்தானே?"

பீற்றர் வெங்காயத் தோட்டத்தைப் பார்த்தார். "இல்ல."

"அப்ப ஏன்?"

"வான் போகக்குள்ள கை காட்டினன். நீ பாக்கேல்ல."

 அவருடைய கால் இன்னும் அவளுடைய மடியில்தான் இருந்தது. ஓட்டோக்காரன், நளீர் என்ற நடுத்தர வயதுக்காரன், வண்டியை நிழலுக்குத் தள்ளிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சப்பாத்தைப் போடுங்க," என்றாள் றோசமேரி கடைசியில். "என்னைத் தூக்குங்க."

தூக்கினார். அவள் ஓட்டோவில் ஏறவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். "தம்பி, நீங்க பின்னால மெல்ல வாங்க," என்று நளீரிடம் சொன்னாள்.

"வேண்டாம் றோசா, முதுகு—"

"ஏலாத இடத்தில ஏறுவன். ஏலுமான மட்டும் நடக்கிறன்."

அவள் கொஞ்சம் நடந்தாள், நின்றாள், ஓட்டோவின் விளிம்பில் சாய்ந்தாள், மறுபடி நடந்தாள். அவளுடைய நடைக்கு ஏற்ப பீற்றர் தன் அடியைச் சின்னதாக்கினார். அப்படிப் போகையில்தான் அவர்கள் கதைத்தார்கள். நொன்னா அவளை இப்போது தன் இறந்துபோன தங்கச்சி என்று நினைத்துக் கூப்பிடுகிறாள் என்பது. மத்தியானம் கிழவி தூங்குகிற நேரத்தில் றோசமேரிக்கு ஒரு சொல் பேச ஆளில்லை என்பது. ஷானிகாவின் வீடு ரயிலில் தூரம் என்பதால் பேரனைக்கூட மாதத்தில் ஒரு நாள்தான் பார்க்கிறாள் என்பது. பீற்றர் பண்ணையைப் பற்றிச் சொன்னார். கோழி இல்லை என்பதையும் சொன்னார்.

"அங்க வாறீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"வந்து நான் என்ன செய்றது?"

"தெரியாது."

"நீ இஞ்ச நிக்க ஏலாதா?"

"நொன்னா இருக்கிற மட்டும் ஏலாது. நான் விட்டா அவவை முதியோர் ஹோமில கொண்டு போய் விட்டிடுவாங்க. ரெண்டாம் நாளே செத்திடுவா."

அவளைக் கிழவியிடமிருந்து கேட்டு வாங்க முடியாது என்பது பீற்றருக்கு அப்போது விளங்கியது.  தலவிலைச் சந்தியில் அவளுக்கு முடியாமல் போயிற்று. அவளை ஓட்டோவில் ஏற்றிவிட்டு, பக்கத்துக் கம்பியில் கை வைத்தபடி அவர் நடந்தார். நளீர் முதல் கியரிலேயே ஓட்டினான். அன்னம்மாள் கோவிலின் மரங்கள் தெரிந்ததும் அவள் மறுபடியும் இறங்கி, கடைசித் துண்டை அவரோடு நடந்தாள். கோவிலுக்குள் இருவரும் முழங்காலிடவில்லை. ஒருவருக்கு முதுகு, மற்றவருக்கு வெட்கம். பின் வாங்கில் அமர்ந்து, சின்னவனின் பெயரைச் சொல்லி மன்றாடினார்கள்.

திருநாள் முடிந்து, மூன்று கிழமையும் முடிந்தது. விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் திரும்பிப் பார்த்துக் கை காட்டினாள். இந்த முறை அவர் அதைப் பார்த்தார். டயனாவின் ஆட்கள் நீர்கொழும்பில் ஒரு வீட்டுக்குப் போக இருந்ததால், அவர் தனியே புத்தளம் பஸ்ஸில் ஏறி, முந்தலில் இறங்கி, வீட்டுக்கு நடந்தார்.

இப்போது வாரத்தில் சில நாள் றோசமேரி ஞாயிறுக்குக் காத்திராமல் எடுக்கிறாள். அங்கே மத்தியானம், நொன்னா தூங்குகிற நேரம். இங்கே வெயில் தாழ்ந்துவிடும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறாராம். இடுப்புக்குப் பட்டி கட்டிக்கொண்டு நொன்னா வீட்டின் நீள நடைவழியில் போய் வருகிறாள். பீற்றர் போனைக் காதில் பிடித்தபடி களப்போரம் நடக்கிறார். "இப்ப எங்க?" என்று அவள் கேட்பாள். "தண்ணிப் பீலிக்குக் கிட்ட." "நான் குசினி வாசலில." பண்ணைகளைத் தாண்டியதும் சிக்னல் விட்டுவிடும். ஹலோ, ஹலோ என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பைக்குள் போடுவார்.

எடுக்காத நாட்களும் உண்டு. அந்த நாட்களில் அவர் கூடுதலாகத் தூரம் போய்த் திரும்புவார்.